மணிக்கணக்கில் அடங்காத ஆய்வகம்

கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியிடமின்றித் தற்காலிகமாக அமர்த்தப்படுபவர், பாடம் நடத்தும் நேரத்துக்கு மட்டும் ஊதியம் பெற்றால் போதும் என்ற வாதம், திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி போன்றவற்றின் அறிவியல் துறைகளுக்குச் சற்றும் பொருந்தாது. தரம்பார்த்தல், அதாவது செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு தெரியாததன் செறிவை அளக்கும் சோதனை, பிற்பகலில் நடக்க வேண்டுமானால், காலையிலேயே ஆக்சாலிக் அமிலத்தை எடைபோட்டுக் கரைத்து, பியூரெட்டுகளின் கசிவைச் சரிபார்த்து வைக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு திருத்துவது வேறு. ஆய்வக உதவியாளர் இடம் காலியென்றால் இவையனைத்தும் விரிவுரையாளர் தலையில்தான் விடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம் என்றும், மொத்தப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையாது என்றும் வகுத்துள்ளன. எஞ்சிய 24 மணி நேரத்தை நிரந்தரப் பணியாளருக்கு உழைப்பாக ஏற்பவர்கள், அதே அமிலத்தைக் கையாளும் தற்காலிகப் பணியாளருக்கு அதை மறுப்பதற்கு இதுவரை சிக்கனத்தைத் தவிர வேறு காரணம் காட்டவில்லை.