எலியிடம் கேட்கக் கூடாத கேள்வி

சம்பாப் பயிர் பொதி கட்டும் நாட்களில், அந்தி சாயும் வேளையில் எலி பிடிக்கும் மூங்கிற் கிட்டிகளைச் சுமந்துகொண்டு வரப்பில் இறங்குகிறவர்களைக் கண்டு வளர்ந்த தஞ்சை ஜில்லாக்காரனாகிய எனக்கு, எலி சாவதைக் கண்டு மனம் பதறும் வழக்கமில்லை; விளையும் நெல்லைக் காக்கச் செய்யும் அந்தக் காரியத்தின் பிரயோஜனம் பிரத்தியட்சமானது. இதயத் தாளத்தைச் சீராக்கும் மருந்துகளின் அபாயத்தை அறியவென்று ஆய்வகத்தில் எலியைக் கொல்வதையே நான் ஆட்சேபிக்கிறேன்.

மனித இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக, உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் ஒரு மின்னோட்டத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. சோடலால் போன்ற மருந்து அந்த ஓட்டத்தை அளவுக்கு மீறித் தடுத்துவிட்டால், தாறுமாறான துடிப்பை அடக்க வந்த ஔஷதமே பிராணாபாயமான வேறொரு தாளக்குலைவை உண்டாக்கிவிடும். நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் துடிக்கும் எலியின் இதயத்திலோ அந்த வேலையை வேறு ஓட்டங்களே செய்துவிடுவதால், மனிதனைக் கொல்லக்கூடிய மருந்தும் அங்கே சாதுவாகத் தோன்றும். கினிப்பன்றி, முயல், நாய் இவற்றின் இதயங்களே இவ்விஷயத்தில் நம்முடையதற்கு நெருங்கியவை.

ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பயனாய் வந்த 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், சிறு பிராணிகளைக் கொண்டு அதே முடிவைப் பெறக்கூடுமானால் பெரியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. 'அதே முடிவு' என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, எலி மலிவு என்ற அளவில் அதைப் படிப்பது, ஒரு ஜீவனை வீணாக்குவதோடு, பின்னர் அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியையும் ஏமாற்றுவதாகும்.

நாயைக் கேட்டாலும் முழு உண்மை வந்துவிடாது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு பிளெகைனைடு, என்கைனைடு என்னும் மருந்துகளைக் கொடுத்து அமெரிக்க அரசின் ஆதரவில் நடந்த பரிசோதனை, 1989-இல் அவ்விரு மருந்துகளையும் நடுவிலேயே கைவிட நேர்ந்தது. மருந்து உண்ட 755 பேரில் 63 பேரும், வெறும் மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் மாண்டிருந்தார்கள். தழும்பேறிய இதயத்தின் கதையை ஆரோக்கியமான பிராணியின் இதயம் எவ்வாறு சொல்லும்?

2023 மார்ச்சில் மத்திய அரசு புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்கள், கணினி மாதிரிகள் முதலியவற்றுக்கும் வழிவிட்டிருக்கிறது. ஆகவே முதற்கேள்வி மனித இதய உயிரணுவிடமே கேட்கப்படட்டும். அதற்குப் பிறகும் பிராணி அவசியம் என்று விண்ணப்பிப்பவர், அதன் இதயத்தில் அந்தப் பொட்டாசிய ஓட்டத்துக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் தரவேண்டும். அந்த இடத்தில் எலியின் பெயரைக் கண்டால், நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.