யூதாஸுக்கு வக்காலத்தா?

சிலுவை கடவுளோட திட்டம்னா, காட்டிக் கொடுத்த யூதாஸ் மேல என்ன தப்புன்னு சில நண்பர்கள் மடக்குறாங்க. ஏனுங்க, லூக்கா 22:22 படிச்சீங்களா? திட்டமும் அதுல இருக்கு, காட்டிக் கொடுக்கிறவனுக்கு ஐயோவும் அதுலயே இருக்கு. 30 வெள்ளிக்காசுக்குப் பேரம் பேசினது அவனேதான். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல.

எங்க அனுப்பர்பாளையத்துப் பக்கத்துக் கதையையே எடுத்துக்குங்க. சாயத்தண்ணி விட்டு நொய்யலை நாசம் பண்ணினாங்க. 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் கழிவுநீரைச் சுத்திகரிச்சுத் திரும்பப் பயன்படுத்துறது இங்க வேரூன்றுச்சு. நல்லது விளைஞ்சதால ஆத்தைக் கெடுத்தது புண்ணியமாயிடுமா?

தப்புல இருந்தும் கடவுள் நல்லதை எடுப்பார். செஞ்சவன் கணக்கு செஞ்சவன்கிட்டதான். 'எல்லாம் அவர் சித்தம்'னு கை கழுவுற விசுவாசிகளே, அப்படிக் கழுவினவன் பேரு பிலாத்து!