குனிந்த தலையும் ஜப்பான் கணக்கும்

1936 பெர்லின் ஒலிம்பிக் என்றால் நம் மேடைகளில் ஜெஸ்ஸி ஓவன்ஸைத்தான் சொல்வோம். இட்லரின் இனவெறிக்கு முன்னால் நான்கு தங்கம் வென்ற கறுப்பின வீரர். நானும் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதே பெர்லினில், ஆகஸ்ட் 9 அன்று மாரத்தான் ஓட்டத்தில் வென்ற கொரியரைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அவர் பெயர் சோன் கீ-ஜோங். கொரியாவை ஜப்பான் விழுங்கியது 1910இல். இவர் பிறந்தது 1912இல். 1935 நவம்பரில் டோக்கியோவில் 2 மணி 26 நிமிடம் 42 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அப்படிப்பட்டவரை ஜப்பானால் ஒதுக்க முடியவில்லை. ஆனால் பெர்லினில் அவர் மார்பில் இருந்தது ஜப்பான் கொடி. பட்டியலில் இருந்தது 'கிடெய் சோன்' என்ற ஜப்பானிய உச்சரிப்பு. ஓடிய கால் அவருடையது, பெயரும் கொடியும் ஆள்பவனுடையது! அவரோ கையெழுத்துக் கேட்டவர்களுக்குக் கொரிய எழுத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியர்தான். பதக்க மேடையில் ஜப்பானிய தேசிய கீதம் ஒலித்தபோது இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெற்றியாளருக்குத் தரப்பட்ட ஓக் மரக்கன்றால் சோன் தன் மார்பில் இருந்த கொடியை மறைத்துக்கொண்டார். நாமிடம் மறைக்க எதுவும் இல்லை. தங்கத்துக்காக அல்ல, அந்தக் கன்றுக்காகத்தான் சோனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக அவர் பின்னாளில் சொன்னார்.

தலைநிமிர்ந்து நட என்பது நமது முழக்கம். குனியச் சொல்பவனிடம் நிமிர்வது எதிர்ப்பு என்று நமக்குத் தெரியும். கொடியை நிமிர்ந்து பார் என்று ஆள்பவன் சொல்லும் இடத்தில், குனிவதும் எதிர்ப்புதான். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகே இது எனக்கு உறைத்தது.

கொரியாவின் 'டோங்-ஆ இல்போ' நாளேடு அந்தப் படத்தில் சோனின் மார்பில் இருந்த கொடியை அழித்துவிட்டு வெளியிட்டது. செய்தியாளர்கள் கைதானார்கள். ஏடு ஏறத்தாழ ஒன்பது மாதம் முடக்கப்பட்டது. ஒரு சிறு வட்டத்தை அழித்ததற்கு!

ஜப்பான் ஆட்சி 1945இல் முடிந்தது. ஆனால் ஒலிம்பிக் பதக்கக் கணக்கில் சோனின் தங்கம் இன்றும் ஜப்பானுடையது. அதை மாற்றச் சொல்லிக் கொரியத் தரப்பு கேட்டது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு மறுத்துவிட்டது. அன்று ஜப்பான் சார்பில்தானே பதிவு செய்யப்பட்டார், வரலாற்றை மாற்ற முடியாது என்பார்கள். யார் வரலாறு? வேறு எந்தக் கொடியின் கீழ் அவர் பதிவு செய்திருக்க முடியும்? விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று நமக்கு உபதேசிப்பவர்கள் முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கட்டும்.

மக்கள் குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. 1948 இலண்டனில் தென்கொரியக் கொடியை ஏந்தி அணிவகுப்பின் முன்னால் நடந்தவர் சோன்தான். அவர் பயிற்சியில் கொரியர்கள் 1950 பாஸ்டன் மாரத்தானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில், எழுபது வயது கடந்த கிழவராக, சுடரை ஏந்திக்கொண்டு அரங்கத்துக்குள் துள்ளித் துள்ளி ஓடிவந்தார்.

1992 பார்சிலோனா. மறுபடியும் ஆகஸ்ட் 9. மாரத்தானில் ஹ்வாங் யோங்-ஜோ முதலில் வந்தார். இரண்டாவது ஒரு ஜப்பானியர். அரங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் சோன். ஹ்வாங்கின் மார்பில் இருந்தது கொரியா.