கூட்டம் தரும் துப்பு

"நல்ல ஆட்டக்காரன்னா எவ்வளவு சத்தத்தையும் தாங்கணும்ணே. கபடியில கத்துறதில்லையா?" வெள்ளிமலையில் பிஜிஎம்ஐ என்ற கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டை ஆடும் பையன்கள் சொல்லும் இதே வாதம்தான் பெரிய ஈஸ்போர்ட்ஸ் போட்டிகளில் அரங்கக் கூட்டம் போடும் சத்தத்தைப் பற்றிய பேச்சிலும் அடிபடுகிறது. ஹெட்செட் போதும், மிச்சத்துக்கு மனஉறுதி இருந்தால் சரி என்கிறார்கள்.

கபடி இங்கே பொருந்தாது. ரெய்டு போகிறவனும் கரையில் நிற்கிறவனும் ஒரே களத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒளிவுமறைவு கிடையாது. கவுன்டர் ஸ்ட்ரைக், வேலொரன்ட் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருப்பவனை ஆட்டக்காரன் பார்க்க முடியாது. அரங்கத் திரையில் ரசிகன் பார்க்கிறான். ஆட்டக்காரன் அந்தச் சுவரை நெருங்கும்போது கூட்டம் 'ஓ'வென்று எழுந்தால் துப்புக் கிடைத்துவிட்டது. 2012இல் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டிக் காலிறுதியில் பெரிய திரையைத் திரும்பிப் பார்த்ததற்காகக் கொரிய அணியான அசுபு ஃபிராஸ்டுக்கு 30,000 டாலர் அபராதம் விழுந்தது. கண்ணால் பார்த்தவருக்கு அபராதம் போடலாம். காதில் விழுந்ததற்கு யாருக்குப் போடுவது?

"சத்தம் இரு அணிக்கும் பொதுதானே?" பொதுவே அல்ல. தனக்குப் பிடித்த அணி ஆபத்தை நெருங்கும்போதுதான் கூட்டம் பதறிக் கத்தும். துப்பும் அந்த அணிக்குத்தான் போகும்.

அடுத்தது ஹெட்செட். சத்தத்தைக் குறைக்கும் மின்னணு நுட்பம் பஸ் இன்ஜின் உறுமல் போன்ற தாழ்ந்த, விடாத இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும்; திடீர்க் கூச்சலிடம் தோற்றுவிடும். அதனால்தான் காதுக்குள் இயர்போன், அதன்மேல் காதை மூடும் ஹெட்செட், அதில் ஓயாத வெள்ளை இரைச்சல் என்று அடுக்குகிறார்கள். அந்த இரைச்சலைத் தாண்டி எதிரியின் காலடி கேட்க வேண்டுமானால் ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பதினெட்டு வயதுப் பையனின் காதைப் பணயம் வைப்பதற்கு மனஉறுதி என்று பெயர் சூட்ட வேண்டாம்.

திரையைச் சில நொடி தாமதப்படுத்தலாம் என்பதும் எடுபடாது. ஜெயித்தவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்த பிறகு திரையில் கடைசிக் குண்டு பாய்ந்தால் அரங்குக்கு எதற்குக் காசு கொடுத்து வருவது?

மிஞ்சும் வழி, ஒவ்வோர் அணியையும் ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பதுதான். அது ரசிகனையும் ஆட்டக்காரனையும் பிரித்துவிடும் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும் டோட்டா 2இன் தி இன்டர்நேஷனல் போட்டி பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது, கூட்டம் குறையவில்லை. 2024இல் ஹைதராபாத் ஹைடெக்ஸில் நடந்த பிஜிஎம்ஐ இறுதிச்சுற்றில் 16 அணி, 64 பேர். அங்கே 16 அறை கேட்க மாட்டேன். அத்தனை பேரில் கூச்சல் யாருக்காக என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இரண்டே அணி மோதும் ஆட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

2022 டிசம்பரில் மத்திய அரசு ஈஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் அங்கமாக அங்கீகரித்துவிட்டது. மேடையில் என்ன ஒலித்தடுப்பு தரப்படும், நடுவர் அதை எப்போது சோதிப்பார் என்பதை நடத்துபவர்கள் அணிகளைப் பதிவு செய்யும்போதே விதியில் எழுதித் தரட்டும்.