நீர்மூழ்கிக்குத் துரு பூசுபவர்களுக்கு ஒரு வார்த்தை

மாதிரி நீர்மூழ்கிக் கப்பல் செய்பவர்கள் இப்போதெல்லாம் துருவை அளவுக்கு மீறி அப்புகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இணையத்தில் பாராட்டு வாங்கும் மாதிரிகளைப் பாருங்கள். மூக்கிலிருந்து வால்வரை ஆரஞ்சு நிறம் வழிகிறது. காயலான் கடையில் எடைக்குப் போட்ட இரும்பு என்று தோன்றுகிறதே தவிர, ஐம்பது பேர் தங்கள் உயிரை நம்பி உள்ளே இறங்கிய கப்பல் என்று தோன்றுவதில்லை.

ஆபீஸ் கதைகளைப் படிக்க இங்கே வருபவர்கள் இன்று பொறுத்துக்கொள்ள வேண்டும். பென்ஷன் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து பிளாஸ்டிக் கிட்டுகளை ஒட்டி வர்ணம் அடிப்பது என் பொழுதுபோக்கு. அதிலும் நீர்மூழ்கி என்றால் தனிப் பிரியம்.

முதலில் ஒரு சொல் விஷயம். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு வெதரிங் என்று பெயர். வெயிலும் மழையும் செய்தது என்று அர்த்தம். நான் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்கள் இதை வியேயீஸ்மான் என்பார்கள், அதாவது மூப்படைதல். இன்னொரு சொல்லும் உண்டு: பத்தீன். செம்பில் படியும் களிம்புக்கும் அதே சொல், பல கைகள் பட்டுப் பட்டு மரச்சாமானில் ஏறும் மினுமினுப்புக்கும் அதே சொல். எனக்கு இந்த இரண்டும்தான் பிடிக்கும். மூப்பு என்றால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. முப்பது வருஷம் ஃபைல்களோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியும். பழைய ஃபைலில் முதலில் நைந்து போவது கட்டைவிரல் புரட்டும் மூலை. பிறகு நாடா அழுத்தும் இடம். நடுப்பக்கம் புதிதாகவே இருக்கும். ஃபைல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தால், யாரோ டீயில் முக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

கப்பலுக்கும் அதே கணக்குதான். இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் பகுதியைவிட, நனைந்து காய்ந்து மறுபடி நனையும் பகுதியில்தான் துரு வேகமாகப் பிடிக்கும். எனவே நீர்மட்டக் கோட்டை ஒட்டியும், அலை அடிக்கும் மேல்தட்டிலும், தண்ணீர் தேங்கும் மூலைகளிலும் துரு வரட்டும். கடற்கரையை ஒட்டிய வீட்டின் ஜன்னல் கம்பியைக் கவனித்தாலே போதும். கம்பியின் நடுவில் துரு பிடிப்பதற்கு முன்பே, அது சட்டத்துக்குள் இறங்கும் அடிமுனையில் பிடித்திருக்கும்.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே பச்சை நிறம் நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில் அடர்த்தியாகவும், கீழே போகப்போக மங்கியும் இருக்க வேண்டும். அடிவயிறு முழுக்கப் பச்சை பூசுவது இயற்கைக்கு விரோதம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலும் கடல்பரப்பின் மேலேதான் ஓடின. தேவைப்பட்டால் மட்டுமே மூழ்கின. அதனால் அவற்றில் நீர்மட்ட அடையாளம் அழுத்தமாக இருக்கும். அணுசக்தி நீர்மூழ்கிகள் வாரக்கணக்கில் ஆழத்திலேயே இருப்பவை. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது விழும் கோடுதான் அவற்றின் கோடு. போதாக்குறைக்கு, இவற்றில் பலவற்றின் மேல் ஒலியை உறிஞ்சும் ரப்பர் ஓடுகள் ஒட்டியிருக்கும். ரப்பர் துருப்பிடிக்காது! அங்கே மூப்பு என்றால், ஓடு பெயர்ந்து விழுந்த சதுரச் சதுரமான திட்டுகளும் காய்ந்த உப்பின் வெள்ளைப் பூப்பும்தான். அந்தக் கருப்பு ரப்பரின் மேல் ஆரஞ்சு ஒழுகலை இழுத்துவிடும் மாதிரிகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அளவுக் கணக்கு. ஜெர்மானியர்களின் ஏழு-சி ரக யு-போட்டின் நீளம் சுமார் 67 மீட்டர். 1:72 அளவில் அது 93 சென்டிமீட்டர். 1:350 அளவில் 19 சென்டிமீட்டர்தான். இந்தச் சின்ன மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வர்ணம் உரிந்ததாகக் காட்டினால், நிஜக் கப்பலில் அது 35 சென்டிமீட்டர். முக்கால் முழம் அளவுக்கு உரிந்திருக்கிறது என்று சொல்கிறீர்கள். இப்படி முப்பது இடத்தில் என்றால் அந்தக் கப்பலைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்புவார்களா? சிறிய அளவில் உரிசலைக் காட்டாமல் நிறவேறுபாட்டை மட்டும் காட்டுவதே நேர்மை. கருப்பும் அப்படித்தான். டப்பாவில் வரும் சுத்தக் கருப்பைச் சின்ன மாதிரியில் அடித்தால் வடிவமே தெரியாமல் போகும். கொஞ்சம் சாம்பல் கலந்தால்தான் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது கருப்பாகத் தெரியும்.

"நான் நேரில் பார்த்துத்தான் செய்தேன்" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் ஐ.என்.எஸ். குர்சுரா அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜெர்மனியில் கீல் நகருக்கு அருகே லாபோ கடற்கரையில் யு-995 இருக்கிறது. இரண்டும் அவசியம் பார்க்க வேண்டியவை. வடிவத்துக்கும் அளவுக்கும் அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் துருவுக்கு அவை சாட்சி ஆகா. வருஷக்கணக்காகத் தரையில் நின்று உப்புக்காற்று வாங்கி, மேலே மேலே வர்ணம் பூசப்பட்ட உடல்கள் அவை. ரிட்டையர் ஆனவனைப் பார்த்து, அவன் வேலையில் சேர்ந்தபோது எப்படி இருந்தான் என்று வரைய முடியுமா?

பழைய கருப்பு வெள்ளைப் படங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஈர இரும்பு, எண்ணெய்க் கறை, துரு மூன்றும் அதில் ஒரே கருமையாகத் தெரியும். கடலிலிருந்து அப்போதுதான் வந்த கப்பலின் பக்கவாட்டில் தெரியும் கோடு வெறும் தண்ணீராகவே இருக்கலாம். கறை எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நீர் வடியும் துவாரத்தின் கீழே, கயிறு கட்டும் குமிழின் அடியில், பற்றவைப்பின் விளிம்பில் ஆரம்பித்தால் நம்பலாம். தகட்டின் நடுவில் காரணமில்லாமல் ஆரம்பிக்கும் ஒழுகல், ஆதாரம் இணைக்காத மனு மாதிரி. நான் அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

செய்முறை கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்படை நிறங்களை அக்ரிலிக்கில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. பிறகு ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, இடுக்குகளில் ஓட விடுங்கள்; காய்ந்த அக்ரிலிக்கை அது கரைக்காது. ஒழுகலுக்கு, துவாரத்தின் கீழே ஊசிமுனை அளவு வர்ணம் வைத்து, சற்றே ஈரமான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து, முக்கால்வாசியைத் துடைத்துவிடுங்கள். எல்லாக் கோடும் ஒரே நீளத்தில் இருக்கக் கூடாது. கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ். இந்த வேலையில் பாதி துடைப்பதுதான். வெண்கல விசிறியை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரிப் பொன்னாக விடாதீர்கள். கடலில் ஓடிய விசிறிக்கு மங்கிய பழுப்பு போதும்.

"அழுக்கில்லாவிட்டால் பொம்மை மாதிரி இருக்கிறதே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரே நிறத்தில் விட்டால் பொம்மைதான். ஆனால் அதற்கு மருந்து துரு அல்ல; நிறத்தின் ஏற்ற இறக்கம். வெயில் படும் இடத்தில் ஒரு துளி வெளுப்பு, நிழலில் ஒரு துளி கருமை, பின்பக்கம் டீசல் புகை வெளியேறும் இடத்தில் கொஞ்சம் கரி. பல மாதம் கடலில் அலைந்து திரும்பிய போர்க்காலக் கப்பல்கள் உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. அப்படி ஒரு கப்பலைச் செய்கிறீர்கள் என்றால், எந்தக் கப்பல், எந்தப் பயணத்தின் முடிவு என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஒரு பொழுதுபோக்குக்கு எதற்கு என்று வீட்டிலும் கேட்கிறார்கள். நீர்மூழ்கியில் மெல்லிய வெளித்தகட்டுக்கு உள்ளே, கடலின் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த உடல் ஒன்று இருக்கிறது. அது விட்டுக்கொடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மறுநாள் கிடையாது. ஆகவே கரை வந்தபோதெல்லாம் சுரண்டுவதும் பூசுவதும் அவர்கள் வாழ்க்கையின் ஒரு பகுதி. யு-போட்டுகளில் கடலுக்குப் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் போரிட்ட தரப்பு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் செத்துப்போனவன் தன் கப்பலைக் கவனிக்காத சோம்பேறி என்று, ஒரு புட்டி ஆரஞ்சு வர்ணத்தை வைத்து நான் எழுதி வைக்க மாட்டேன்.

அடுத்த கிட்டுக்கு வர்ணம் அடிக்க உட்காரும்போது, ஒவ்வொரு கறைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? பதில் இருந்தால் தூரிகையை எடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.