சம்பளமில்லா உதவி, உதவியல்ல

"சம்பளம் வேண்டாம் அண்ணை, வேலை பழகினால் போதும்" என்று படிக்க வந்த பிள்ளைகள் கடை வாசலில் நிற்பது பிரித்தானியாவில் வியாபாரம் செய்யும் நமக்குப் புதிதல்ல. சாப்பாடு கொடுக்கிறோம், கைச்செலவுக்கும் ஏதோ கொடுக்கிறோம், இதில் என்ன குற்றம் என்று நம்மில் சிலர் கேட்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

நேரம் குறித்து, வேலை சொல்லி, கல்லாவில் நிறுத்தினால் அவர் தொழிலாளியே. குறைந்தபட்ச ஊதியம் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சம்பளமில்லாத் தொண்டர் என்ற விலக்கு தரும ஸ்தாபனங்கள் போன்றவற்றுக்கே உண்டு. இலாபத்துக்கு நடக்கும் கடைக்கு இல்லை.

பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். சம்பளமில்லா வேலையும் அந்தக் கணக்கில் சேரும். மீறினால் பிள்ளையின் விசாவே பறிபோகலாம். வேலை வாங்கிய முதலாளிக்கு, 2024 பெப்ரவரியில் உயர்த்தப்பட்டபடி, ஆளொன்றுக்கு 45,000 பவுண் வரை அபராதம். மறுமுறை அகப்பட்டால் 60,000 வரை. ஊதிய பாக்கியும் அதற்கான தண்டமும் வேறு. எந்தப் பலசரக்குக் கடை இதைத் தாங்கும்?

ஆகவே, வேலையில் அமர்த்துமுன் விசா அனுமதியைச் சரிபார்ப்போம். தவணைத் திகதிகளுக்கு அத்தாட்சி வாங்கிப் பிரதி வைப்போம். மணிக்கணக்கை நாள்தோறும் எழுதுவோம். கூலி கொடுக்க இயலாவிட்டால் வேலை வாங்காதிருப்போம். நம்மில் பலரும் ஒருநாள் வெறுங்கையோடு இங்கு வந்திறங்கியவர்கள்தாம் என்பதை மறவாதிருப்போம்.