வந்தவர் என்ன கொண்டுவந்தார்?



இதழ் அச்சுக்குப் போகிற நாள். பக்கம் திருத்த வேண்டிய உதவி ஆசிரியர், புரூஃப் தாளின் பின்பக்கத்தில் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். எட்டிப் பார்த்தேன். 30 மாணவர்களின் சராசரி வயது 14. ஆசிரியரையும் சேர்த்தால் சராசரி 1 கூடுகிறது. ஆசிரியருக்கு என்ன வயது?

31-ஐ 15-ஆல் பெருக்கி 465. 30-ஐ 14-ஆல் பெருக்கி 420. கழித்து 45 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். விடை சரிதான். அதற்கு இரண்டு பெருக்கல் எதற்கு?

"வந்த வாத்தியார் தன் இலைக்கு 15 வெச்சுக்கிட்டார். இருந்த 30 இலைக்கும் ஒவ்வொண்ணு பரிமாறினார். 45. முடிஞ்சுது தம்பி" என்றேன்.

சராசரி என்றாலே பந்திதான். உள்ளதைச் சமமாகப் பரிமாறினால் ஆளுக்கு எவ்வளவு வரும்? புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் கொண்டுவந்தது என்ன என்று பார்த்தால் போதும். ஆள் மாறினால் இன்னும் சுலபம். 7 பேர் கபடி அணியில் 62 கிலோக்காரர் போய் வேறொருவர் வந்ததும் சராசரி எடை 2 கிலோ ஏறியதா? வந்தவர் 14 கிலோ கூடுதல், 76. பழைய சராசரி தெரியவே வேண்டாம்.

வெறுங்கையோடு வருவதும் உண்டு. 1948 ஆகஸ்ட், ஓவல் மைதானம். கிரிக்கெட் வீரர் பிராட்மன் தன் கடைசி டெஸ்டில் இறங்கும்போது 69 முறை ஆட்டமிழந்து 6,996 ரன், சராசரி 101.39. நான்கே ரன் எடுத்து அவுட்டாகியிருந்தால்கூட சரியாக 100. பந்துவீச்சாளர் ஹாலிஸ் வீசிய கூக்ளியில், சந்தித்த இரண்டாவது பந்திலேயே போல்டு. காலியாக வந்த 70-ஆவது இலைக்கு மற்ற 69 இலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்ததில் 99.94. எனக்கென்னவோ 100-ஐவிட இந்த எண்தான் பிடிக்கும்.

கேட்டு முடித்த தம்பி ஒரு கணக்குப் போட்டார். "சார், 3 வருஷம் முன்னாடி ஒரு வீட்டுல 5 பேர், சராசரி வயசு 17. அப்புறம் ஒரு குழந்தை பொறந்தும் இன்னிக்கு அதே 17. குழந்தைக்கு என்ன வயசு?"

நான் பேனாவை எடுத்து 17-ஐ 5-ஆல் பெருக்கத் தொடங்கினேன்.

"அஞ்சு பேரும் ஆளுக்கு 3 வளர்ந்து 15 மிச்சம் வெச்சிருக்காங்க சார். குழந்தை இலைக்கு வேண்டியது 17. அது கொண்டுவந்தது 2" என்றவர், தாளைத் திருப்பி வைத்துப் புரூஃப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்